மலைப்பாதையில் ஓடும் பழைய வாகனத்தின் கிளச் ஒயில் கசிவைச் சீர்செய்தல்

தலவாக்கலையிலிருந்து நானுஓயாவை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது முன்னால் ஒரு கொழுந்து லொறி நின்றுவிடுகிறது. நாம் முதலாம் கியரில் கிளச்சை மிதித்தபடி காத்திருக்கிறோம். அந்த அரை நிமிடத்துக்குள் பெடல் காலுக்கடியில் மெல்லத் தாழ்கிறது. நாம் எதுவும் செய்யாமலேயே வாகனம் லொறியின் பின்புறத்தை நோக்கி நகரத் தொடங்குகிறது. சமவெளியில் கிளச் ஒயில் கசிவு ஒரு தொந்தரவு மட்டுமே, கியர் கரகரக்கும், அவ்வளவுதான். மலைநாட்டில் அது ஆபத்து. ஆகவே பழைய வாகனத்தைப் புதிதாக வாங்கியிருப்பவர்களும், வீட்டில் பல காலமாக நின்ற வாகனத்தை மீண்டும் ஓட்ட விரும்புபவர்களும், வர்ணம் பூசுவதற்கும் இருக்கை தைப்பதற்கும் முன்னதாக இந்த வேலையைச் செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில், உங்கள் வாகனத்தின் கிளச் ஒயிலால் இயங்குவதுதானா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மொரிஸ் மைனரில் பெடலிலிருந்து கிளச் வரைக்கும் இரும்புக் கம்பிகளும் நெம்புகோல்களுமே உள்ளன. வொக்ஸ்வேகன் பீட்டிலில் இருப்பது கேபிள். 1958 இல் சீரிஸ் 2 வந்ததிலிருந்து லாண்ட் ரோவரில் கிளச் ஒயிலால் இயங்குகிறது. மினி, ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60, எம்ஜிபி ஆகியவையும் ஒயில் கிளச் உள்ளவையே. என்னிடம் இருப்பது தோட்டமொன்றில் நெடுங்காலம் உழைத்த சீரிஸ் 2ஏ லாண்ட் ரோவர் என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். வேலை முறை மற்றவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அமைப்பு எளிமையானது. பெடலை மிதித்தால் ஒரு தண்டு மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. கராஜ்காரர்கள் இதை மேல் பம்ப் என்பார்கள். அங்கிருந்து ஒயில் ஓர் உலோகக் குழாய் வழியாகவும் பின்னர் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகவும் சென்று, கியர் பெட்டியின் முன்புறக் கூடான பெல் ஹவுசிங்கின் அருகே பூட்டப்பட்டிருக்கும் ஸ்லேவ் சிலிண்டரை, அதாவது கீழ் பம்பை அடைகிறது. அதன் பிஸ்டன் வெளியே வந்து கிளச்சை விடுவிக்கிறது. இந்தப் பாதையில் ஒயிலை அடைத்து நிற்பவை, கிண்ணம் போன்ற வடிவுடைய சிறிய ரப்பர் கப்புகள் மட்டுமே. அந்தக் கப்பின் விளிம்பு சிலிண்டரின் உட்சுவரோடு இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கும்வரை கசிவு இல்லை. ரப்பர் தேய்ந்தாலும் கசியும், சுவர் பழுதானாலும் கசியும். நம்மில் பெரும்பாலானோர் முதலாவதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டாவதைத் தவறவிடுகிறோம்.

சுவர் பழுதாவதற்கு நம் மலைநாட்டுக் காலநிலையும் ஒரு காரணம். டொட் 3, டொட் 4 என்று விற்கப்படும் பிரேக் ஒயிலே கிளச்சுக்கும் ஊற்றப்படுகிறது. இந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மை உடையது. மேல் பம்புக்கு ஒயில் கொடுக்கும் பேணியின் மூடியிலுள்ள சிறு காற்றுத் துளை வழியாகவும் ஹோஸின் ரப்பர் வழியாகவும் ஈரம் உள்ளே போகிறது. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ மாதக்கணக்கில் பனிமூட்டத்துக்குள் நிற்கும் வாகனத்தில், அந்த ஈரம் சிலிண்டரின் சுவரை உள்ளிருந்தே அரிக்கிறது. வார்ப்பிரும்புச் சிலிண்டரில் செந்நிறத் துருவும், அலுமினியச் சிலிண்டரில் வெண்ணிறத் தூளும் படிகின்றன. எனவே ஓடாமல் நிறுத்திவைத்த வாகனம், நாள்தோறும் ஓடிய வாகனத்தை விட மோசமாகக் கசிவதைக் கண்டு வியக்க வேண்டாம்.

கசிவு எங்கே என்று கண்டுபிடித்தல்

எதையும் கழற்றுவதற்கு முன் அரை நாளை இதற்கென ஒதுக்குங்கள். வாகனத்தை மட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். தோட்டத்தில் மட்டமான இடம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசல்தான் கிடைக்கும். அனுமதி கேட்டு அங்கேயே நிறுத்துவது நல்லது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முன்பின் டயர்களுக்குக் கல் வையுங்கள். லாண்ட் ரோவரின் கீழே ஜாக்கி இல்லாமலே ஊர்ந்து போகலாம். தாழ்ந்த கார்களை உயர்த்த வேண்டியிருந்தால் இரும்பு ஸ்டாண்ட் வைத்த பின்னரே கீழே போக வேண்டும். செங்கலையும் மரக்குற்றியையும் நம்பி எவரும் வாகனத்துக்கடியில் படுக்கக் கூடாது.

கீழே சொட்டியிருப்பது எந்த ஒயில் என்பதை அடுத்துப் பாருங்கள். ஒரு கார்ட்போர்ட் மட்டையை இரவில் விரித்து வைத்து, காலையில் கிடைக்கும் சொட்டைக் குச்சியால் தொட்டு ஒரு கோப்பைத் தண்ணீரில் விடுங்கள். எஞ்சின் ஒயிலும் கியர் ஒயிலும் நீரின் மேல் வானவில் நிறத்தில் மிதக்கும். பிரேக் ஒயிலோ நீரோடு கலந்து மறைந்துவிடும். கியர் ஒயிலைக் கந்தக வாடையாலும் அறியலாம். பெல் ஹவுசிங்கின் அடியிலுள்ள துளையிலிருந்து சொட்டுவது மிதக்கும் ஒயிலாக இருந்தால், அது எஞ்சினின் பின்புற சீலோ கியர் பெட்டியின் முன்புற சீலோ சம்பந்தப்பட்டது. இந்தக் கட்டுரையின் வேலை அதைத் தீர்க்காது.

பிரேக் ஒயில்தான் என்று தெரிந்ததும், இரண்டு பம்புகளையும் குழாயையும் ஹோஸையும் சவர்க்காரத் தண்ணீரால் கழுவி நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். பின்பு ஒருவர் பெடலை முப்பது தடவையாவது மிதிக்க, மற்றவர் டோர்ச்சோடு ஒவ்வோர் இடமாகப் பார்க்க வேண்டும். வண்டிக்குள் பெடல் தண்டு நுழையும் இடம் நனைந்திருந்தாலோ, அதைச் சுற்றி வர்ணம் சுருங்கி உரிந்திருந்தாலோ மேல் பம்பின் பின்புறக் கப் போய்விட்டது. கீழ் பம்பின் தூசி மூடும் ரப்பரை விரலால் சற்று விலக்கிப் பாருங்கள். மெல்லிய ஈரப்பசை இருந்தால் பாதகமில்லை. ஒயில் வடிந்து வந்தால் அந்தப் பம்பைக் கழற்ற வேண்டும். குழாய் இணைப்புகளையும் ஹோஸின் வெடிப்புகளையும் பார்ப்பது சில நிமிட வேலை.

எங்குமே நனையவில்லை, ஒயில் மட்டமும் குறையவில்லை, ஆனாலும் பெடல் தாழ்கிறது என்றால், மேல் பம்பின் முன்புறக் கப்பைத் தாண்டி ஒயில் உள்ளுக்குள்ளேயே திரும்பிப் போகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்னது இந்த வகைப் பழுதுதான். வெளியே ஒரு சொட்டும் தெரியாததால், கிளச் பிளேட்டைப் பழி சொல்லிக் கியர் பெட்டியையே இறக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வாங்க வேண்டியவை

ஒரு பம்ப் கசிந்தால் இரண்டையும் சேர்த்தே செய்யுங்கள், ஹோஸையும் மாற்றிவிடுங்கள். புதிய கப் போட்ட பம்ப் முழு அழுத்தத்தையும் கொடுக்கத் தொடங்கியதும், பழைய கப்புடன் இருக்கும் மற்றப் பம்ப் சில வாரங்களில் கசிய ஆரம்பிப்பது வழக்கம். கண்டியிலேயே சில பாகங்கள் கிடைக்கின்றன. கிடைக்காதவற்றுக்குக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குத்தான் போக வேண்டும். வாகனத்தின் பெயரை மட்டும் சொல்லி ரிப்பெயார் கிட், அதாவது புதிய கப்புகள் அடங்கிய பெட்டி, கேட்காதீர்கள். ஒரே மாதிரி வாகனத்தில் வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு அளவுப் பம்புகள் பூட்டப்பட்டிருக்கலாம். முந்தைய உரிமையாளர் வேறொரு வாகனத்தின் பம்பைப் பொருத்தியிருக்கவும் கூடும். சிலிண்டரின் உடலில் அளவு வார்க்கப்பட்டிருக்கும்: 5/8, 3/4, 7/8 என்று அங்குலக் கணக்கில். முடிந்தால் கழற்றிய பம்பையே கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒரு கடையில் எனக்கு 3/4 அங்குலம் என்று எழுதிய பெட்டிக்குள் 5/8 அங்குலக் கப் தரப்பட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. கப்பை இரு விரலால் மடித்தும் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த ரப்பர் விளிம்பில் நுண்ணிய வெடிப்புகளைக் காட்டும்.

ஒயில் டொட் 4 ஆக இருக்கட்டும், முத்திரை உடைக்காத 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று போதும். பாதி பயன்படுத்தி மூடிவைத்த பழைய போத்தலை ஊற்ற வேண்டாம். டொட் 5 என்பது சிலிக்கன் ஒயில். அதை மற்றவற்றோடு கலக்கக் கூடாது. எக்காரணம் கொண்டும் எஞ்சின் ஒயிலையோ வேறு கனிய எண்ணெயையோ ஊற்றாதீர்கள். கப்புகள் ஊதி, பிஸ்டன் சிக்கிக்கொள்ளும், பிறகு ஹோஸ் உட்பட ரப்பர் அனைத்தையும் தூக்கியெறிய வேண்டிவரும்.

கழற்றுதல்

முதல் நாள் மாலையே குழாய் நட்டுகளின் வெளிப்புறத்தில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு வையுங்கள். மறுநாள் பேணியிலுள்ள ஒயிலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். சில சீரிஸ் லாண்ட் ரோவர்களில் பிரேக்குக்கும் கிளச்சுக்கும் ஒரே பேணிதான், உள்ளே இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தக் குழாய் எதற்குப் போகிறது என்று பார்த்துக் குறியிட்டுக்கொள்ளுங்கள். மட்கார்டின் மேல் பழைய துணியை விரித்து, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் வைத்திருங்கள். பிரேக் ஒயில் வர்ணத்தை உரித்துவிடும். சிந்திய உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினால் தப்பிக்கலாம். கண்ணாடி அணிந்துகொள்வதும் அவசியம், ஏனெனில் கீழிருந்து வேலை செய்யும்போது ஒயில் நேராகக் கண்ணில் விழும்.

குழாய் நட்டைச் சாதாரண ஸ்பானரால் திருப்பினால் மூலைகள் உருண்டுவிடும். நட்டை முழுவதும் தழுவிப் பிடிக்கும் பைப் ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். ஹோஸின் அறுகோண முனையை இன்னொரு ஸ்பானரால் அசையாமல் பிடித்த பின்னரே குழாய் நட்டைத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உலோகக் குழாய் முறுக்கிக்கொண்டு பிளந்துவிடும், ஒரு நாள் வேலை மூன்று நாள் வேலையாகிவிடும். கழன்ற குழாய் முனைகளைச் சுத்தமான பிளாஸ்டிக்கால் மூடிவையுங்கள்.

பம்பை மேசையில் வைத்துப் பிரிக்கும்போது, தண்டைச் சற்று உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டே வளையக் கிளிப்பைக் கழற்றுங்கள். உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. பிஸ்டன் வராவிட்டால் சைக்கிள் பம்பால் ஒயில் துளை வழியாகக் காற்று செலுத்தலாம். ஆனால் சிலிண்டரின் வாயைத் துணியால் மூடி, முகத்தை விலக்கி வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாகமும் எந்த வரிசையில், எந்தப் பக்கம் பார்த்தபடி வந்தது என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பம்பின் பிஸ்டனுக்கும் முன்புறக் கப்புக்கும் இடையே ஒரு மெல்லிய வொஷர் இருக்கக்கூடும். அது கப்போடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போய்விடுவது அடிக்கடி நடக்கிறது. கேர்லிங் நிறுவனத்தின் சிலிண்டர்கள் சிலவற்றில் நடுத் தண்டின் நுனியில் பட்டாணியளவு சிறிய சீல் ஒன்றும் உண்டு. அதை மாற்ற மறந்தால் எவ்வளவு மிதித்தாலும் பெடல் இறுகாது.

உட்சுவர்

இந்த வேலையில் அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். முதன்முறை நான் என் வாகனத்தின் கீழ் பம்பைப் பிரித்தபோது, பழைய கப்பை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பூட்டிவிட்டேன். மூன்று வாரம் ஒரு சொட்டும் இல்லை. நான்காவது வாரம் ரம்பொடை ஏற்றத்தில் மறுபடியும் பெடல் போயிற்று. இரண்டாம் முறை பிரித்து, சிலிண்டரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே குழல்போல் பிடித்து உள்ளே பார்த்தபோது, பளபளத்த சுவரின் அடிப்பக்கத்தில், தண்ணீர் தேங்கி நிற்கும் அந்த ஒரு கோட்டில் மட்டும், மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருஞ்சிறு புள்ளிகள் இருந்தன. புதிய கப்பின் விளிம்பும் சரியாக அதே இடத்தில் கீறப்பட்டிருந்தது. புதிய ரப்பரை எத்தனை முறை போட்டாலும் அந்தச் சுவர் அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஆகவே சிலிண்டரை மெதிலேற்றட் ஸ்பிரிட்டாலோ புதிய பிரேக் ஒயிலாலோ கழுவுங்கள். பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எதுவும் உட்புறம் படக் கூடாது. துடைத்தபின் வெளிச்சத்தில் பிடித்து, சிலிண்டரைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பாருங்கள். பிறகு ஒரு குச்சியின் நுனியைச் சுவரில் மெல்ல இழுத்துப் பாருங்கள். சிலிண்டரின் வாயருகே நகத்தாலேயே தடவலாம். நிறம் மட்டும் மாறியிருந்து எதுவும் தட்டுப்படாவிட்டால், 600 எண் நுண் எமரித் தாளைப் பிரேக் ஒயிலில் நனைத்து, நீளவாக்கில் அல்லாமல் சுற்றுவாக்கில் இலேசாகத் தேய்த்துக் கழுவினால் போதும். நகம் தட்டுப்பட்டால் அந்தச் சிலிண்டரை அப்படியே பூட்ட வேண்டாம். தேய்த்துத் தேய்த்துக் குழியை அகற்றப் பார்த்தால் துளை பெரிதாகி, கப் தளர்ந்துவிடும். புதிய பம்ப் வாங்குங்கள். கிடைக்காத வகையாக இருந்தால், நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெருப்பித்து, பித்தளையிலோ துருப்பிடிக்காத எஃகிலோ ஸ்லீவ், அதாவது மெல்லிய உட்குழல், இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து தரச் சொல்லலாம். மேல் பம்பாக இருந்தால் பேணியிலிருந்து ஒயில் இறங்கும் துளைகளை ஸ்லீவிலும் மறக்காமல் போட வேண்டும் என்று பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பஞ்சிகாவத்தையில் பம்ப் கிடைக்காததால் நான் செய்ததும் இந்த வேலையைத்தான். அதன் பிறகு அந்தப் பம்ப் கசியவில்லை.

பூட்டுதல்

கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், மேசையில் சுத்தமான துணி விரியுங்கள். கப்புகளைப் புதிய பிரேக் ஒயிலில் நனைத்தோ, ரப்பருக்கென்றே விற்கப்படும் சிவப்பு கிரீஸ் தடவியோ உள்ளே விட வேண்டும். சாதாரண கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும். கப்பின் விரிந்த வாய் எப்போதும் ஒயில் அழுத்தம் இருக்கும் பக்கத்தை, அதாவது சிலிண்டரின் உட்பக்கத்தைப் பார்க்க வேண்டும்; ஒயில் தள்ளத் தள்ள விளிம்பு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்வது அப்போதுதான் நடக்கும். விளிம்பு மடியாமல் இருக்க, நேராகத் தள்ளாமல் சற்றுச் சரித்து, ஓரத்தை விரலால் உள்ளே வழிப்படுத்துங்கள். செம்பு வொஷர்களைப் புதிதாகப் போடுங்கள்.

மேல் பம்பை வாகனத்தில் பூட்டியபின், பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். தண்டு பிஸ்டனைத் தொடுவதற்கு முன் ஏறக்குறைய 1 முதல் 1.5 மில்லிமீற்றர் வரை வெற்று அசைவு இருக்க வேண்டும். உங்கள் வாகனத்தின் கைந்நூலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் பிஸ்டன் முழுவதும் பின்னால் வராது, ஒயில் பேணிக்குத் திரும்பும் துளை மூடியே இருக்கும், எஞ்சின் சூடேறியதும் அழுத்தம் தேங்கி ஏற்றத்தில் கிளச் வழுக்கும். சீராகப் பூட்டிய பம்பையும் பழுது என்று நினைக்க வைக்கும் தவறு இது.

காற்று எடுத்தல்

உள்ளே அடைபட்ட காற்றை வெளியே விடும் சிறு திருகான கீழ் பம்பின் நிப்பிள் அந்தப் பம்பின் மிக உயர்ந்த புள்ளியாக இருக்க வேண்டும், வாகனம் சரிவில் நிற்கக் கூடாது. மீன் தொட்டிக்குப் பயன்படுத்தும் தெளிந்த குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைச் சிறிதளவு ஒயில் ஊற்றிய ஜாம் போத்தலுக்குள் அமிழ்த்துங்கள். பேணியை நிரப்புங்கள். இனி இருவர் வேலை. கீழே இருப்பவர் நிப்பிளைத் திறந்து “மிதி” என்று சொல்ல, மேலே இருப்பவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்து “மிதிச்சாச்சு” என்று பதில் சொல்ல வேண்டும். நிப்பிளை மூடிய பின்னரே “விடு” என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அவசரப்பட்டுப் பெடலை விட்டால் காற்று மீண்டும் உள்ளே போய்விடும். நான்கைந்து மிதிக்கு ஒருமுறை பேணியைப் பார்த்து நிரப்பிக்கொண்டே இருங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

குமிழிகள் முதலில் கூட்டமாக வரும், பிறகு ஒவ்வொன்றாக வரும், பிறகு நிற்கும். நின்றபின்னும் பெடல் பஞ்சுபோல் இருந்தால், கீழ் பம்பின் தண்டை வெளியிலிருந்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். மறைந்திருந்த காற்று குழாய் வழியே மேலேறிப் பேணியில் குமிழியாக வெளிவரும். அப்போது பேணி நிரம்பி வழியாதபடி கவனிக்க வேண்டும். என் அக்காவின் மகன்தான் எனக்குப் பெடல் மிதித்துத் தருபவன். “மாமா, இப்ப பெடல் டைட்டா வருது” என்று அவன் சொன்ன பிறகும் இன்னும் பத்து மிதி மிதிக்கச் சொல்வேன், கடைசிக் குமிழி தாமதமாகவே வரும்.

வெளியே எடுத்த ஒயிலை மறுபடியும் பேணியில் ஊற்ற வேண்டாம். கானிலோ தேயிலைச் செடியடியிலோ கொட்டவும் வேண்டாம். மேல் கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) கொட்டுவது ஓடை வழியாகக் கீழ் லயத்தின் குடிநீர்ப் பீலிக்கு வந்து சேரும். அது நஞ்சு. குளிர்பானப் போத்தலில் ஊற்றி வீட்டில் வைப்பதையும் தவிருங்கள், பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்டு. பெயர் எழுதிய தகரப் பேணியில் சேர்த்து, பழைய ஒயில் எடுத்துக்கொள்ளும் சேர்விஸ் நிலையத்தில் கொடுங்கள்.

வழியில் பெடல் போய்விட்டால்

ஏற்றத்தில் நடந்தால், எஞ்சினை நிறுத்தி, கியரில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, உடனே டயருக்குக் கல் வையுங்கள். வண்டியில் எப்போதும் இரண்டு கல்லோ மரக்கட்டையோ வைத்திருப்பது நல்லது. பேணியில் ஒயில் குறைந்திருந்தால் நிரப்பி, பெடலைப் பலமுறை வேகமாக மிதித்துப் பாருங்கள். ஒரு கியர் மாற்றும் அளவுக்காவது அழுத்தம் கிடைக்கலாம். கிடைக்காவிட்டால், முதலாம் கியரில் வைத்து ஸ்டார்ட்டர் மூலமே வண்டியை நகர்த்தி அருகிலுள்ள அகலமான ஓரத்துக்குக் கொண்டுபோகலாம், முன்னால் ஆளோ வண்டியோ இல்லாதபோது மட்டும். அந்த நிலையில் கினிகத்தேனை இறக்கத்தையோ ரம்பொடை வளைவுகளையோ கடந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று முயல வேண்டாம். இறக்கத்தில் கியர் கழன்று மீண்டும் விழாமல் போனால் பிரேக் ஒன்றை மட்டும் நம்பி இறங்க வேண்டிவரும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கிளச்சை மிதித்து மூன்று வினாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். சத்தமின்றி விழுந்தால் கிளச் முழுமையாக விடுபடுகிறது என்று பொருள். பிறகு மட்டமான இடத்தில், முன்னால் போதிய வெளியுடன், முதலாம் கியரில் பெடலை மிதித்தபடி இரண்டு நிமிடம் பிடித்திருங்கள். வண்டி ஓர் அங்குலமும் நகரக் கூடாது. முதல் வாரம் ஒவ்வோர் இரவும் கார்ட்போர்ட் மட்டையை அடியில் விரித்து வையுங்கள், பேணியின் ஒயில் மட்டத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, கசிந்தாலும் கசியாவிட்டாலும், ஒயில் முழுவதையும் நிப்பிள் வழியாக வெளியேற்றிப் புதியதை விடுங்கள். வெளியே வரும் ஒயில் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தால் அடுத்த முறை ஓராண்டிலேயே மாற்றிவிடுங்கள்.